ஒரு ஜோடி கிளவுஸ், எட்டுக் கட்டில்: முதியோர் இல்லங்களில் தொற்று எப்படி நகர்கிறது

முதியோர் இல்லத்தில் தொற்று பரவ மிகத் தோதான நேரம் எது என்று கேட்டால், விடியற்காலை ஐந்தரையிலிருந்து ஏழு மணி வரை என்பேன். ராத்திரி டியூட்டி முடியவில்லை, பகல் டியூட்டிக்கு ஆள் வரவில்லை. ஹாலில் எட்டுக் கட்டில், பார்த்துக்கொள்ள ஒரே ஒரு ஆயாம்மா. முதல் கட்டில் பாட்டிக்கு டயப்பர் மாற்றியாக வேண்டும். அடுத்த கட்டில் தாத்தாவின் யூரின் பேக் முக்கால்வாசி நிறைந்து தொங்குகிறது. மூன்றாவது கட்டிலில் இருப்பவருக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து சில நாள்தான் ஆகிறது. சொட்டு மருந்து விட வேண்டும். நாலாவது ஆளின் பல்செட்டைக் கழுவி வாயில் மாட்ட வேண்டும். ஏழு மணிக்குள் எல்லாருக்கும் சுகர் பார்த்து, இன்சுலின் போட்டு, இட்லியைப் பிசைந்து ஊட்டத் தொடங்கினால்தான் எட்டு மணி மாத்திரை எட்டு மணிக்குப் போகும்.

அந்த அம்மா சுத்தம் தெரியாதவர் இல்லை. கையில் கிளவுஸ் போட்டிருக்கிறார். ஆனால் முதல் கட்டிலில் மாட்டிய அதே ஜோடிதான் எட்டாவது கட்டில் வரைக்கும் போகிறது. அது அவருடைய கையைக் காப்பாற்றுகிறது, படுத்திருப்பவர்களைக் காப்பாற்றவில்லை. வெறுங்கையாக இருந்திருந்தால் பிசுபிசுப்புத் தாங்காமல் ஒரு முறையாவது குழாயடிக்குப் போயிருப்பார். கிளவுஸ் அந்த உறுத்தலையும் எடுத்துவிடுகிறது.

தொற்றுத் தடுப்பு என்றதும் நாம் பினாயில், சானிடைசர், முகக்கவசம் என்று பொருள்களை எண்ணத் தொடங்குகிறோம். என் பார்வையில் பாதி விஷயம் அதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. ஒரு ஆளுக்கு எத்தனை கட்டில், குழாய் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, காய்ச்சல் வந்தால் சம்பளம் போகாமல் அவர் வீட்டில் படுக்க முடியுமா என்பவைதான் பினாயிலைவிடப் பெரிய கேள்விகள்.

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கை சுத்தம் செய்ய வேண்டிய ஐந்து தருணங்களைச் சொல்கிறது: நோயாளியைத் தொடும் முன், டியூப் அல்லது புண்ணைக் கையாளும் முன், மலம், சிறுநீர், ரத்தம் பட நேர்ந்த பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருளைத் தொட்ட பின். தாராளமாக விட்டுக்கொடுத்து ஒரு கட்டிலுக்கு நாலு முறை என்றே வைத்துக்கொள்வோம். எட்டுக் கட்டிலுக்கு 32 முறை. சோப்புப் போட்டு முறையாகக் கழுவ 40 முதல் 60 விநாடி ஆகும். நிமிடத்துக்கு ஒன்று என்றால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் 32 நிமிடம் குழாயடியிலேயே போய்விடும், நடக்கும் நேரம் தனி. எந்த ஆயாம்மாவாலும் அது முடியாது, முடியும் என்று எழுதிச் சுவரில் ஒட்டியிருப்பவர்களுக்கும் அது தெரியும். ஆல்கஹால் கலந்த கைத்தேய்ப்புக்கு 20 முதல் 30 விநாடி போதும். கட்டில் கால்மாட்டிலேயே பாட்டில் தொங்கினால் மொத்தம் பத்து முதல் பதினாறு நிமிடம். அது நடக்கக்கூடிய கணக்கு. ஆபீஸ் ரூம் மேசையில் அலங்காரத்துக்கு நிற்கும் சானிடைசர் பாட்டிலைக் கட்டிலுக்குக் கொண்டுபோவதுதான் இந்தத் துறையில் மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் முன்னேற்றம். வாந்திபேதி பரவும் நாளில் மட்டும் இது பலிக்காது. நோரோ வைரஸ், சி.டிஃபிசில் போன்ற பேதிக் கிருமிகளுக்கு ஆல்கஹால் சரிவராது. அப்போது சோப்பும் தண்ணீரும்தான்.

தொற்று விஷயத்தில் எங்கள் வேலூர் பாமர ஊர் இல்லை. 1955-இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி மையம் இங்கே இருக்கிறது. 1986-இல் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளைச் சோதித்து, இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதலில் கண்டுபிடித்தது சி.எம்.சி. என்னும் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வகம். குழந்தைகளின் ரோட்டா வைரஸ் ஆய்வுக்கு உலகமே திரும்பிப் பார்த்த ஊர். ஆனாலும் அந்த அறிவு காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி, வாடகை வீட்டில் பத்துக் கட்டில் போட்டு நடக்கும் இல்லத்துக்கு வந்து சேரும் வேகம் குறைவு. ஆஸ்பத்திரியில் இருந்து டிஸ்சார்ஜ் ஆகி, மூக்கிலும் சிறுநீர்ப் பாதையிலும் டியூபோடு ஒருவர் அந்த இல்லத்துக்கு வரும்போது அவரோடு ஆஸ்பத்திரிக் கிருமிகளும் வருகின்றன. நர்ஸ் வருவதில்லை.

கிழ உடம்பின் காய்ச்சல்

வயதானவருக்குத் தொற்று வந்திருப்பதைக் கண்டுபிடிப்பதே முதல் சிக்கல். 'உடம்பு அனலாகக் கொதிக்கலியே' என்று விட்டுவிடுகிறோம். தளர்ந்த உடம்பு கொதிக்காது. நிமோனியா வந்தவருக்கும் 99 டிகிரிதான் காட்டலாம். அதனால் முதியோர் இல்லங்களுக்கு அளவுகோல் வேறு: வாயில் வைத்து ஒரே முறை 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினாலோ, திரும்பத் திரும்ப 99-க்கு மேல் காட்டினாலோ, அவருடைய வழக்கமான சூட்டைவிட இரண்டு டிகிரி கூடினாலோ அதைக் காய்ச்சல் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். வழக்கமான சூடு எவ்வளவு என்று தெரிந்தால்தானே இதைச் சொல்ல முடியும். நன்றாக இருக்கும் நாளிலேயே ஒவ்வொருவருக்கும் பார்த்து நோட்டில் குறித்து வைக்காத இல்லத்தில் தெர்மாமீட்டர் இருந்தும் பயனில்லை.

தெர்மாமீட்டரைவிடக் கூர்மையானது ஆயாம்மாவின் கண். 'பாட்டி நேத்து ராத்திரியிலிருந்து ஒரு மாதிரி பேசுது சிஸ்டர், செத்துப்போன அண்ணனைக் கூப்புடுது' என்று அவர் சொல்வதை வயசுக் கோளாறு என்று தள்ளக் கூடாது. திடீர்க் குழப்பம், சாப்பாட்டைத் தள்ளுவது, நேற்று வரை நடந்தவர் இன்று விழுவது, மூச்சு நிமிடத்துக்கு 25-ஐத் தாண்டுவது ஆகியவைதான் இந்த வயதில் தொற்றின் முதல் பேச்சு. குறிப்பாக மூச்சை எண்ணுவது. கடிகாரம் இருந்தால் போதும், காசு செலவில்லை. ஆனாலும் இல்லங்களில் அபூர்வமாகவே செய்கிறார்கள்.

டியூப், வாய், முதுகு

சிறுநீர் டியூப் போட்ட ஒவ்வொரு நாளும் 100 பேரில் 3 முதல் 7 பேருக்குச் சிறுநீரில் பாக்டீரியா குடியேறுகிறது. ஒரு மாதம் ஆனால் கிட்டத்தட்ட எல்லாருக்கும். ஆகவே டியூபை எவ்வளவு சுத்தமாக வைத்தோம் என்பதற்கு முன்னால், அது இன்னும் ஏன் இருக்கிறது என்று கேட்க வேண்டும். ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்காகப் போட்டது, எடுக்கச் சொல்ல யாருக்கும் நினைவில்லாமல் இல்லத்துக்கு வந்து மாதக்கணக்கில் தங்கிவிடுகிறது. படுக்கை நனையவில்லை என்று ஊழியர்களுக்கும் அது வசதி. ஆள் வந்து சேரும் அன்றே டிஸ்சார்ஜ் சம்மரியில் மூன்று விஷயம் தேட வேண்டும்: டியூப் போட்ட தேதியும் காரணமும், கல்ச்சர் ரிப்போர்ட்டில் என்ன கிருமி, ஆன்டிபயாடிக் எந்தத் தேதியோடு முடிகிறது. இல்லையென்றால் போன் போட்டுக் கேட்க வேண்டும்.

டியூப் இருந்தே ஆக வேண்டும் என்றால் பை எப்போதும் சிறுநீர்ப்பை மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும், ஆனால் தரையில் படக் கூடாது. வீல்சேரில் உட்காரவைக்கும்போது பையைத் தூக்கி மடியில் வைக்கிறார்களே, அந்த நொடியில் பழைய சிறுநீர் திரும்ப உள்ளே போகிறது. காலியாக்கும்போது இன்னொரு கோளாறு. ஒரே பிளாஸ்டிக் மக்கில் நாலு பேரின் பையைத் திறந்துவிடுவார்கள். பையின் மூக்கு மக்கின் விளிம்பில் இடிக்கும். ஒருவர் கிருமி நாலு பேருக்கும் பங்காகிவிடுகிறது. ஆளுக்கு ஒரு மக்கு, அதன் மேல் பெயர், வேலை முடிந்ததும் கழுவிக் கவிழ்த்து வெயிலில் காயவைத்தல் என்று இருந்தால் செலவு நூறு இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

கலங்கல் சிறுநீரும் நாற்றமும் மட்டும் தொற்று ஆகாது. காய்ச்சல், வலி, குழப்பம் போன்ற எதுவும் இல்லாமல் சிறுநீரில் பாக்டீரியா இருப்பது முதுமையில் சாதாரணம், டியூப் உள்ளவருக்கு அதைவிடச் சாதாரணம். அதற்கு ஆன்டிபயாடிக் கொடுப்பதால் ஆளுக்கு நன்மை இல்லை. அடுத்த முறை நிஜமாகவே தொற்று வரும்போது மருந்து வேலை செய்யாமல் போகும். 'எதுக்கும் ஒரு கோர்ஸ் போட்டுடலாம்' என்பதில்தான் மருந்துக்கு மசியாத கிருமிகள் இல்லங்களில் வளர்கின்றன.

வாய்க்கு வருவோம், ஏனென்றால் இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு வரும் நிமோனியாவில் பெரும்பங்கு வெளியிலிருந்து வருவதில்லை. அழுக்கு வாயின் எச்சில், தூக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரலுக்கு இறங்குவதுதான் காரணம். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் நடந்த ஆய்வு ஒன்று 1999-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் ஊழியர்கள் பல் துலக்கிவிட்டவர்களில் 100-க்கு 11 பேருக்கு நிமோனியா வந்தது. அப்படிச் செய்யாதவர்களில் 100-க்கு 19 பேருக்கு. ஒரு பிரஷ் செய்த வேலை. மூக்கு டியூபில் உணவு போகிறவர் வாயால் சாப்பிடுவதில்லை என்பதால் அவருக்குப் பல் துலக்குவதையே நிறுத்திவிடுகிறார்கள். அவருடைய வாய்தான் எல்லாரையும்விட அசுத்தமாக இருக்கும். டியூபில் கஞ்சி ஊற்றும்போதும் அதன்பின் அரைமணி, ஒருமணி நேரமும் தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி வைக்க வேண்டும். கிராங்க் கட்டில் இல்லாத இடத்தில் முதுகுக்குப் பின்னால் இரண்டு மூன்று தலையணை வைத்தால் ஆயிற்று.

படுக்கைப்புண் பற்றி இங்கே ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். வால் எலும்பும் குதிகாலும் சிவந்து, விரலால் அழுத்தினால் வெளுக்காமல் இருந்தால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்கவைப்பதைத் தவிர வேறு மருந்து அப்போது கிடையாது. பழைய குடியாத்தம் லுங்கியை நாலாக மடித்து அடியில் போடுவது நம் பக்கத்து வழக்கம். மெத்தையை நனையாமல் காக்கிறது, நல்லதுதான், ஆனால் மடிப்பும் சுருக்கமும் முதுகை அறுக்கும், ஈரத்தோடு விட்டால் தோல் ஊறிப் பிய்யும். ஒரே மடிப்பு, நனைந்த உடனே மாற்றுவது என்று இருந்தால் டயப்பரைவிட மேல்.

சுகர் பார்க்கும் வரிசை

நம் பக்கத்து இல்லங்களில் பாதிப் பேருக்காவது சர்க்கரை இருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வரும் பிள்ளைகள் ஆற்காடு மக்கன் பேடாவை வேறு வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். காலையில் சுகர் பார்க்கும் காட்சியைக் கிட்டே நின்று கவனியுங்கள். பேனா மாதிரி ஒரு குத்துக் கருவி. ஊசியை ஆளுக்கு ஆள் மாற்றுகிறார்கள். ஆனால் கருவி ஒன்றுதான். விரலில் இருந்து வந்த ரத்தத்தில் கண்ணுக்குத் தெரியாத துளி கருவியின் மூக்கில் ஒட்டுகிறது. ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த ரத்தத்திலும் குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். அமெரிக்க முதியோர் இல்லங்களில் ஹெபடைடிஸ் பி பரவிய சம்பவங்களில் பல இப்படித்தான், ஊசியை மாற்றினாலும் கருவியைப் பகிர்ந்ததால் நடந்தவை. ஆகவே குத்துக் கருவியை இல்லத்தில் வைக்கவே கூடாது. ஒரு முறை குத்தியதும் உள்ளே இழுத்துக்கொண்டு பூட்டிக்கொள்ளும் லான்செட் (விரல் குத்தும் ஊசி) கடையில் கிடைக்கிறது, அதுதான் வேண்டும். குளுக்கோமீட்டர் ஒன்றே ஒன்று என்றால் ஒவ்வொரு ஆளுக்கும் பிறகு துடைக்க வேண்டும். இன்சுலின் பேனாவை ஊசி மாற்றினாலும் இன்னொருவருக்குப் போடக் கூடாது. ரத்தம் பின்னால் ஏறி மருந்துக் குப்பிக்குள் போய்விடும்.

குத்திய ஊசியைத் திரும்ப மூடுவது இன்னொரு பழக்கம். மூடும்போதுதான் விரலில் ஏறும். வெள்ளை நிறத் துளைபடாத டப்பா பக்கத்திலேயே இருக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி ரத்தம் தோய்ந்த பஞ்சும் கட்டும் மஞ்சள் பை, டியூபும் யூரின் பையும் கிளவுஸும் சிவப்பு, ஊசி வெள்ளை, கண்ணாடி நீலம். மாநகராட்சிக் குப்பை வண்டிக்காரருக்கும் விரல் உண்டு.

சொறி

முதியோர் இல்லத்துக்கே உரிய தொற்று என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் கொரோனாவைச் சொல்ல மாட்டேன், சொறியைச் சொல்வேன். சாவு அபூர்வம் என்பதால் செய்தியாவதில்லை. ஆனால் ஒரு முறை நுழைந்தால் மாதக்கணக்கில் இல்லத்தையே தூங்கவிடாது.

அது ஒரு நுண்ணிய பூச்சி. தோலுக்குள் துளை போட்டு முட்டையிடும். முதல் முறை தொற்றினால் அரிப்புத் தொடங்கவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும். ஆக, ஆனியில் அரிக்க ஆரம்பித்தால் வைகாசியிலேயே பூச்சி வந்திருக்கிறது. அந்த இடைவெளியில் தலை சீவிவிட்டவர், குளிப்பாட்டியவர், பக்கத்துக் கட்டில்காரர் எல்லாரும் வாங்கிக்கொண்டாயிற்று. சாதாரணச் சொறியில் உடம்பு முழுக்கப் பத்துப் பதினைந்து பூச்சிதான் இருக்கும். ஆனால் எதிர்ப்புச் சக்தி குறைந்த முதியவருக்கு வரும் தடித்த சொறியில் ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில்கூட இருக்கும். கையும் முழங்கையும் செதில் செதிலாக, பொருக்குத் தட்டிப் போயிருக்கும். அவருக்கு அரிப்பே அவ்வளவாக இருக்காது! வறண்ட தோல் என்று தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருப்பார்கள். அவருடைய போர்வையை உதறும்போதெல்லாம் செதிலோடு பூச்சியும் பறக்கிறது.

சிகிச்சை எளிது, சேர்ந்து செய்வதுதான் கஷ்டம். டாக்டர் எழுதிக்கொடுக்கும் 5 சதவீத பெர்மெத்ரின் கிரீமைக் கழுத்திலிருந்து பாதம் வரை, முதியவருக்குத் தலையோடும் சேர்த்து, நக இடுக்கு விடாமல் தடவி 8 முதல் 14 மணி நேரம் வைக்க வேண்டும். நடுவில் கை கழுவினால் கைக்கு மட்டும் திரும்பப் பூச வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. தடித்த சொறிக்கு மாத்திரையும் சேர்த்துத்தான் தீரும். இது எல்லாமே ஒரே ராத்திரியில், அரிப்பு இருக்கிறவர் இல்லாதவர் என்று பார்க்காமல், இல்லத்தில் உள்ள எல்லாருக்கும், ஊழியர்களுக்கும், ஊழியர்களின் வீட்டாருக்கும் நடக்க வேண்டும். திங்கட்கிழமை ஹாலுக்கு, புதன்கிழமை சமையல்காரருக்கு என்று பிரித்துச் செய்தால் பூச்சி இங்கிருந்து அங்கே போய்விட்டுத் திரும்பி வரும். கிரீம் ட்யூபுக்கு ஆயாம்மா தன் கைக்காசைப் போட வேண்டும் என்றால் அவர் வீட்டுக் குழந்தைகளுக்கு அது போய்ச் சேராது. மறுமாதம் பூச்சி அவரோடு திரும்பி டியூட்டிக்கு வரும்.

துணியைக் கொதிக்கும் தண்ணீரில் துவைக்க வேண்டும். துவைக்க முடியாததை பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டிக் குறைந்தது மூன்று நாள், முடிந்தால் ஒரு வாரம் ஒதுக்கி வைத்தால் சாப்பாடில்லாமல் பூச்சி செத்துவிடும். 50 டிகிரி சூட்டில் பத்து நிமிடத்தில் அது சாகும். வேலூர் மாடியில் சித்திரை வெயிலுக்கு மூடிக் கட்டிய கறுப்புப் பை எவ்வளவு சூடேறும் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஊர் வெயிலால் நமக்கு ஆகிற ஒரே உபகாரம். சிகிச்சை முடிந்தும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கத்தான் செய்யும். மருந்து பலிக்கவில்லை என்று தினமும் கிரீமைப் பூசிப் பூசித் தோலைப் புண்ணாக்க வேண்டாம்.

தண்ணீரும் வெயிலும் ஜன்னலும்

ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு என்று ஊரைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பார்கள். கை கழுவச் சொல்லும் எந்த வழிகாட்டுதலும் குழாயில் தண்ணீர் வரும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது. காவிரித் தண்ணீர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வந்த பிறகும், கோடையில் டேங்கர் லாரிக்குக் காத்திருக்கும் தெருக்கள் இருக்கின்றன. தட்டுப்பாடு வந்ததும் முதலில் குறைவது கை கழுவுவது, அடுத்து போர்வை துவைப்பது. டிரம்மில் தண்ணீர் பிடித்து வைத்துச் சொம்பை விட்டு மொண்டால், ஒரு கை அழுக்கு எல்லார் வயிற்றுக்கும் போகிறது. அடியில் குழாய் வைத்த மூடிய டிரம் வாங்கினால் இந்தச் சிக்கல் இல்லை. குடிதண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருக்க வேண்டும். சோதிக்கும் சொட்டு மருந்து மலிவு. லாரித் தண்ணீரை சம்ப்பில் இறக்கிய அன்றே பார்க்க வேண்டும். திறந்த டிரம் டெங்குக் கொசுவுக்கும் தொட்டில்.

வெயிலால் வரும் இன்னொரு தொற்று யாருக்கும் கண்ணில் படுவதில்லை. ராத்திரி படுக்கையை நனைத்துவிடுவார்கள் என்று சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் கொடுப்பதைக் குறைப்பது பல இல்லங்களில் எழுதப்படாத விதி. வயதானால் தாகம் தெரிவதும் மங்கிவிடும். அவர்களாகக் கேட்க மாட்டார்கள். நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊரில் இதன் விளைவு சுண்டிப்போன சிறுநீர், அதிலிருந்து சிறுநீர்த் தொற்று, அதிலிருந்து குழப்பம், அதிலிருந்து கீழே விழுவது. டாக்டர் தண்ணீர் அளவைக் கட்டுப்படுத்தச் சொன்ன இதய, சிறுநீரக நோயாளிகளைத் தவிர மற்றவர்களுக்குக் காலையிலிருந்து மணிக்கொரு தரம் அரை டம்ளர் மோர், கஞ்சித் தண்ணீர் என்று கொடுத்துக்கொண்டே இருந்தால் சாயங்காலப் பிரச்சினையே எழாது.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கொசுவுக்காக எல்லா ஜன்னலையும் சாத்திவிடுகிறார்கள். (டெங்குக் கொசு கடிப்பது பகலில் என்பது வேறு விஷயம்.) ஹாலில் ஒருவருக்குக் காசநோய் இருந்தால், பன்னிரண்டு மணி நேரம் அதே காற்றை எல்லாரும் மாற்றி மாற்றி இழுக்கிறார்கள். ஏ.சி. போட்ட ரூமில் இன்னும் மோசம், சாதாரண ஏ.சி. உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிவிடுகிறது. ஜன்னலுக்கு வலை அடித்துவிட்டுத் திறந்து வைப்பதுதான் ஒரே வழி. முதியவரின் காசநோய் ரத்தம் துப்பும் நாடகத்தோடு வராது. எடை குறையும், சோர்வு இருக்கும், லேசான இருமல் போகாது. இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை செய்யாமல் இருமல் டானிக் கொடுக்கக் கூடாது. அரசு மருத்துவமனையில் அந்தப் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் காசில்லை.

வாசனை சுத்தமாகாது

பினாயில் வாசனை வந்தால் இல்லம் சுத்தம் என்று பார்க்க வருகிறவர்கள் நம்புகிறார்கள். தொற்றைப் பொறுத்தவரை தரை கடைசி. கை படும் இடங்கள்தான் முதல்: கட்டில் கம்பி, காலிங் பெல், கதவுக் கைப்பிடி, கழிவறைக் கம்பி, டிவி ரிமோட். முதலில் சோப்புத் தண்ணீர், பிறகுதான் மருந்து. அழுக்கின் மேல் ஊற்றிய குளோரின் அழுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும். 30 சதவீத ப்ளீச்சிங் பவுடர் என்றால் லிட்டருக்கு மூன்றரை கிராம் கலந்தால் 0.1 சதவீதக் கரைசல், துடைப்பதற்குப் போதும். ரத்தம், வாந்தி, பேதி பட்ட இடத்துக்கு லிட்டருக்கு 17 கிராம்; ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். அன்றன்று கலக்க வேண்டும். வெயிலில் வைத்த கரைசலும், திறந்து கிடந்த பவுடரும் இந்த ஊர்ச் சூட்டில் சீக்கிரம் வெறும் சுண்ணாம்பாகிவிடும். கழிவறை ஆசிட்டோடு ப்ளீச்சிங் பவுடரைச் சேர்க்கவே கூடாது, கிளம்பும் வாயு நுரையீரலை எரிக்கும்.

அடுத்த கேள்வி தனிமைப்படுத்துவது. ஆஸ்பத்திரியில் மருந்துக்கு மசியாத கிருமி கண்டால் தனி ரூம். அங்கே ஐந்து நாள், பத்து நாள். இல்லத்தில் இருப்பவருக்கு அதுதான் வீடு. கிருமி தோலில் மாதக்கணக்கில் தங்கும். அதற்காக ஒரு மனுஷியை மாதக்கணக்கில் கதவுக்குப் பின்னால் வைக்க முடியுமா? கொரோனா காலத்தில் அப்படி வைத்தபோது சாப்பாட்டை நிறுத்திக்கொண்ட, பேச்சை நிறுத்திக்கொண்ட பெரியவர்களை நாடு முழுக்கப் பார்த்தோம். அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் இப்போது முதியோர் இல்லங்களுக்குச் சொல்லும் ஏற்பாடு ஒரு நடுவழி. டியூபோ புண்ணோ உள்ளவர், மருந்துக்கு மசியாத கிருமி உள்ளவர் ஆகியோரைக் குளிப்பாட்டும்போது, உடை மாற்றும்போது, டயப்பர் மாற்றும்போது, புண்ணுக்குக் கட்டுப் போடும்போது ஊழியர் கவுனும் கிளவுஸும் அணிய வேண்டும், அடுத்த ஆளிடம் போகுமுன் கழற்ற வேண்டும். மற்ற நேரத்தில் அவர் ஹாலுக்கு வரலாம், சேர்ந்து சாப்பிடலாம், சீரியல் பார்க்கலாம். வாந்திபேதி, ஃப்ளூ, கொரோனா போன்ற நாள்கணக்கு நோய்களுக்கு மட்டும் நாள் குறித்துத் தனி ரூம். இது எனக்கு நியாயமாகப் படுகிறது. நம் வெயிலில் பிளாஸ்டிக் கவுன் கொடுமை. துவைத்துப் போடும் பருத்தி ஏப்ரன், ஆளுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும், ஈரம் ஊறும் வேலைக்கு மட்டும் பிளாஸ்டிக்.

காய்ச்சலோடு வேலைக்கு வருகிறவர்

2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கிர்க்லேண்ட் என்ற ஊரின் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் கொரோனா புகுந்தது. அந்நாட்டின் முதல் பெரிய பரவல் அது. அந்தப் பகுதி இல்லங்களில் எப்படிப் பரவியது என்று விசாரித்தவர்கள் சொன்ன காரணங்களில் இரண்டு: உடம்பு சரியில்லாமலே ஊழியர்கள் வேலைக்கு வந்தார்கள், ஒரே ஊழியர் ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் வேலை பார்த்தார். பணக்கார நாட்டிலேயே அப்படி. இங்கே ஏஜென்சி மூலம் நாள் கூலிக்கு வரும் ஆயாம்மாவுக்கு லீவு என்றால் அன்றைய கூலி இல்லை. பகலில் ஒரு இல்லம், ராத்திரி யார் வீட்டிலோ படுக்கையாளி. பேதி நின்று 48 மணி நேரம் ஆகும் வரை சமையலறைக்கும் கட்டிலுக்கும் போகக் கூடாது என்பது விதி. அந்த 48 மணி நேரத்துக்குக் கூலி யார் கொடுப்பது என்று விதி சொல்வதில்லை. கூலி கிடைக்காது என்றால் அவர் பேதியை மறைப்பார். நானாக இருந்தாலும் மறைப்பேன்.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007 சட்டம், மாவட்டத்துக்கு ஒன்றாவது 150 ஏழை முதியவர் தங்கும் இல்லம் அமைப்பது பற்றிப் பேசுகிறது. இல்லங்களின் தரத்தைப் பற்றிச் சொல்லும் இடத்தில் மருத்துவப் பராமரிப்பையும் பொழுதுபோக்கையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. ஒரு ஆயாம்மாவுக்கு இத்தனை கட்டில்தான் என்று சட்டத்தில் ஒரு வரி இல்லை. அதனால் அந்த எண்ணிக்கையைக் குடும்பங்கள்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. அப்பாவையோ அம்மாவையோ சேர்க்கப் போகிறவர்கள் ஹாலின் டைல்ஸைப் பார்ப்பதற்குப் பதில், ராத்திரி எத்தனை பேர் டியூட்டி என்று கேட்கலாம். கட்டிலுக்குப் பக்கத்தில் கைத்தேய்ப்புப் பாட்டில் இருக்கிறதா, அது பாதியாவது காலியாகியிருக்கிறதா என்று பார்க்கலாம். நிறைந்தே நிற்கும் பாட்டில் நல்ல சகுனமில்லை. கடைசியாக யாருக்குச் சொறி வந்தது என்று கேட்டால், 'எங்க இல்லத்துல அதெல்லாம் வராதுங்க' என்று சொல்லும் இடத்தைவிட, 'போன வருஷம் வந்துதுங்க, எல்லாருக்கும் மருந்து போட்டோம்' என்று சொல்லும் இடத்தை நான் நம்புவேன்.

இல்லம் நடத்துகிறவர்களுக்கு மாதச் செலவில் இரண்டு வரி கூடும். ஊழியர்களுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, முதல் ஊசிக்குப் பின் ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதத்தில் ஒன்று, ஆக மூன்று. ஃப்ளூ ஊசி ஆண்டுக்கு ஒரு முறை, இல்லவாசிகளுக்கும் ஊழியர்களுக்கும். இன்னொரு வரி, காய்ச்சலிலோ பேதியிலோ படுத்த ஊழியருக்குச் சம்பளத்தோடு லீவும், அந்த நாளில் மாற்றாக வரும் ஆளுக்குக் கூலியும். பரவல் ஒன்று வந்து நாலு பேரை ஆம்புலன்ஸில் ஏற்றினால் ஆகும் பில்லோடு இந்த இரண்டையும் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், எது மலிவு என்று கணக்குப் பிள்ளையே சொல்லிவிடுவார்.